ஊருக்கு ஒரு படைவீரர் சிலை: இடம் யாருடையது, பெயர் யாருடையது?

தமிழ்நாட்டுச் சாலைகளில் துணி சுற்றிய சிலை புதிய காட்சி இல்லை. பீடம் கட்டி, டைல்ஸ் ஒட்டி, சிலையைத் தூக்கி நிறுத்திய பிறகு அனுமதி வராமல், சாக்குக்குள்ளேயே மாதக்கணக்கில் நின்றுகொண்டிருக்கும். உள்ளே இருப்பது கட்சித் தலைவர் என்றால் ஊரார் ஒரு சிரிப்போடு கடந்துவிடுவார்கள். சாக்குக்குக் கீழே பூட்ஸ் கால் தெரிந்தால் பேச்சு மாறிவிடும். "எல்லையில் உயிரை விட்டவருக்குச் சிலை வைக்கக்கூடவா தடை?" என்பார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் நாலைந்து கேள்விகள் ஒன்றோடு ஒன்று சிக்கிக் கிடக்கின்றன. ஓமலூர், ஆத்தூர், மேச்சேரி, ஏற்காடு என்று சேலம் மாவட்டத்தில் ஏதாவது ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்வோம். அங்கே முன்னாள் படைவீரர்கள் சிலர் பணம் திரட்டி, பஸ் ஸ்டாண்ட் முன்னால் ஒரு வீரர் சிலை வைக்க நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் முன்னால் என்னென்ன நிற்கிறது என்று அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

முதலில் சொற்கள்

1. போர் நினைவுச்சின்னம்: இறந்தவரின் உடல் இங்கே இருக்காது. உடல் வேறெங்கோ, பெயர் இங்கே. இதில் ஒரு வகையை வெற்றுக் கல்லறை என்றே சொல்வார்கள். சென்னைக் கடற்கரைச் சாலையின் வடகோடியில் உள்ள போர் நினைவுச்சின்னம் நமக்குத் தெரிந்த உதாரணம். முதல் உலகப்போர் வெற்றிக்காகக் கட்டியது; பின்னால் வந்த போர்களையும் அதிலேயே சேர்த்துக்கொண்டார்கள்.

2. போர்க் கல்லறை: உடல் உள்ள இடம். சென்னை நந்தம்பாக்கத்தில் இருப்பது இது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கிறது.

3. நடுகல்: சண்டையில் விழுந்தவருக்கு ஊரார் நடும் கல். பழைய சேலம் மாவட்டத்துக்கு இதைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

4. தலைவர் சிலை: ஒரு தனி மனிதரின் முகம். சங்ககிரியில் 1805-ல் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலைக்கு ஆடி 18 அன்று மாலை போடுகிறோமே, அந்த வகை மரியாதை.

5. தியாகி: இந்தச் சொல்தான் அதிகம் குழப்புகிறது. மேடையில் எல்லோரும் சொல்கிறோம், ஆனால் படையில் இறந்தவருக்கு இப்படி ஒரு அதிகாரப்பூர்வப் பட்டம் கிடையாது. ஒன்றிய அரசு இதை நாடாளுமன்றத்தில் பலமுறை சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டு அலுவலகக் கோப்பில் 'தியாகி' என்று வந்தால் அது பெரும்பாலும் விடுதலைப் போராட்ட ஓய்வூதியம் பெற்றவரைக் குறிக்கும். மனுவில் 'தியாகி சிலை' என்று எழுதினால் அது எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்பதிலேயே தடுமாற்றம் வரலாம்.

ராணுவ வீரர் சிலைக்கு அனுமதி கேட்கும்போது நாம் உண்மையில் முதல் வகையைக் கேட்கிறோம். ஊரும் அதிகாரிகளும் அதை நான்காம் வகையாகவே பார்க்கிறார்கள். பாதிச் சிக்கல் இதிலிருந்தே வருகிறது.

நாய்க்குப் பெயர் உண்டு, சிப்பாய்க்கு இல்லை

நடுகல் எடுப்பதற்கு ஆறு படிகளைத் தொல்காப்பியம் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. அதாவது கல்லைத் தேடிப் பார்ப்பது, எடுத்துவருவது, நீராட்டுவது, நடுவது, படையல் போடுவது, வாழ்த்துவது. (ஆறில் தடையின்மைச் சான்று இல்லை, அந்தக் காலம் அப்படி.)

கல்லில் எழுதியதைப் பாருங்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, இறந்தவர் யாருடைய ஆள், அவர் பெயர் என்ன, ஆடுமாடு மீட்கப் போய் விழுந்தாரா, ஊரைக் காக்கப் போய் விழுந்தாரா என்பதெல்லாம் இரண்டு மூன்று வரியில் வந்துவிடும். சேலத்துக்கு வடக்கே, திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கத்தில் எடுத்தனூர் நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைக் கூட்டத்தைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல். அவன் பக்கத்தில் ஒரு நாய் செதுக்கியிருக்கிறது. அதற்கும் தனியாக ஒரு வாசகம்: கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று.

இனி 1,300 ஆண்டு தாண்டி வருவோம். முதல் உலகப்போரில் இந்தியாவிலிருந்து ஏறக்குறைய 13 லட்சம் பேர் படைப்பணிக்குப் போனார்கள். 74,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போர் முடிந்ததும் ஆட்கள் போன ஊர்களில் ஆங்கில அரசு ஒரு சிறிய கல் பலகை பதித்தது. வாசகம் எங்கும் ஒரே அச்சுதான்: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தனர். திருச்சி காந்தி மார்க்கெட் அருகே இருக்கும் நினைவுச்சின்னமும் அந்தக் காலத்தது. பலகையில் எண் இருக்கும், பெயர் இருக்காது. பல்லவர் காலத்து நாய்க்குப் பெயர் எழுதிவைத்த நிலத்தில், ஈராக்கின் பாஸ்ராவரை போய் இறந்த ஆள் வெறும் எண்ணாகத் திரும்பி வந்தார்.

நம் ஊர்களில் மட்டும் நடந்ததல்ல இது. அதே பாஸ்ராவில் உள்ள நினைவுச்சின்னத்தில் அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்தார்கள். இந்தியச் சிப்பாய்களை எண்ணிக்கையில் அடக்கிவிட்டார்கள். பதவி, இனம், மதம் எதுவும் பாராமல் எல்லோருக்கும் சமமான நினைவு என்பது 1917-ல் தொடங்கிய அந்தக் கல்லறை ஆணையத்தின் கொள்கை. ஆனால் அந்தக் கொள்கை ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள் விஷயத்தில் காற்றில் விடப்பட்டது என்று 2021-ல் ஆணையத்தின் சொந்த விசாரணைக் குழுவே எழுதியது. பெயரோ நினைவோ இல்லாமல் விடுபட்டவர்கள் குறைந்தது 1,16,000 பேர், 3,50,000 வரைகூட இருக்கலாம் என்பது அந்தக் குழுவின் கணக்கு.

விடுதலைக்குப் பிறகு முறை மாறியது. டெல்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறந்த தேசியப் போர் நினைவகத்தில் 25,942 பெயர்கள் தனித்தனியாகப் பொறிக்கப்பட்டிருந்தன. அந்த நினைவகத்தின் உயிர் அந்தப் பெயர்ச் சுவரில்தான் இருக்கிறது; நம் ஊர்களில் பணமும் பேச்சும் சிலைக்கே போய்விடுகிறது, பெயர்ப் பலகை கடைசி நாளில் அவசரமாக எழுதப்படுகிறது. என் பார்வையில் இதைத் தலைகீழாக்கினால் பாதிப் பிரச்சினை குறையும்.

சாலையோரம் ஏன் கிடைக்காது

1. 2013 ஜனவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. கேரளத்தில் சாலை நடுவே இருந்த ஒரு முக்கோணத் திட்டில் தலைவர் சிலை வைக்க மாநில அரசு அனுமதி கொடுத்ததில் எழுந்த பிரச்சினை அது. பொதுச் சாலை, நடைபாதை, சாலையோரம், மற்றப் பொதுப் பயன்பாட்டு இடங்கள் எதிலும் இனிமேல் சிலைக்கோ கட்டுமானத்துக்கோ மாநில அரசுகள் அனுமதி தரக்கூடாது என்றது நீதிமன்றம். உத்தரவு எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும்.

2. யாருடைய சிலை என்ற பாகுபாடு அதில் இல்லை. 'தலைவர்' என்ற சொல் இருந்தால் வீரருக்கு விலக்கு கேட்கலாம். 'எந்தச் சிலையும்' என்று இருக்கும்போது கேட்க முடியாது. சிலை வேண்டாம், ஒரு தூண் மட்டும் வைக்கிறோம் என்றாலும் 'கட்டுமானம்' என்ற சொல் பிடித்துக்கொள்ளும்.

3. விளக்குக் கம்பம், மின்சாரம், போக்குவரத்து, சாலை அழகுபடுத்தல் போன்ற வேலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. "ரவுண்டானாவை அழகுபடுத்துகிறோம்" என்று தீர்மானம் போட்டு நடுவில் சிலையை நிறுத்தும் யோசனை இங்கிருந்துதான் பிறக்கிறது. அதே உத்தரவே சிலையைத் தடுக்கிறது என்பதால், வழக்கு வந்தால் இது நிற்பது கடினம்.

4. சென்னை உயர் நீதிமன்றமும் 2021 அக்டோபரில் இதே பாதையில் போனது. பொது இடங்களில் உள்ள சிலைகளை எடுத்து, 'தலைவர்கள் பூங்கா' அமைத்து அங்கே வைக்கச் சொன்னது.

5. சேலத்தைச் சுற்றிப் பல ஊர்களுக்கு இன்னொரு தொந்தரவும் உண்டு. ஊர் நடுவே போகும் சாலை தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் அந்த நிலம் பேரூராட்சியின் கையில் இல்லை. மன்றத்தில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினாலும், அடுத்தவர் வீட்டுத் திண்ணையை வாடகைக்கு விட்ட கதைதான்.

சரி, அப்படியானால் எங்கேதான் வைப்பது? பட்டா நிலத்துக்கு 2013 உத்தரவு நேரடியாகப் பொருந்தாது. அரசு அலுவலக வளாகம், பள்ளி வளாகம் என்றால் அந்த வளாகத்துக்குச் சொந்தமான துறை சம்மதிக்க வேண்டும். பொதுவாகக் கோப்பு போகும் வழி இது: உள்ளாட்சி மன்றத் தீர்மானம், நிலத்துக்கு உரிய துறையின் தடையின்மைச் சான்று, காவல்துறையின் சட்டம் ஒழுங்கு அறிக்கை, ஆட்சியரின் பரிந்துரை, அப்புறம் அரசின் முடிவு. காவல்துறை அறிக்கையை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். தலைவர் சிலைகளுக்கு இரும்புக் கூண்டு போட வேண்டி வந்த மாநிலம் இது. இரவில் ஒரு செருப்பு மாலை விழுந்தால் காலையில் பஸ் ஓடாது என்பதைப் பார்த்தவர்கள்தான் அந்த அறிக்கையை எழுதுகிறார்கள்.

ஏற்காட்டுக்கு மேலே போனால் மலையிடப் பாதுகாப்பு விதிகளும் சேர்ந்துகொள்ளும். 'ஹாகா' என்று கட்டிட வேலைக்காரர்கள் சொல்வார்களே, அது.

யார் பெயர் வரும், யார் பெயர் வராது

இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உண்மையான வேலை இங்கே தொடங்குகிறது.

1. எது ஊர்? தருமபுரி 1965 அக்டோபர் 2 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. இன்றைய கிருஷ்ணகிரியும் அதோடு சேர்த்திதான். நாமக்கல் 1997-ல் பிரிந்தது. ஆகவே 1962 சீனப் போரில் இறந்த ஓசூர்க்காரருக்கும், 1971-ல் இறந்த ராசிபுரத்துக்காரருக்கும் பழைய பதிவேட்டில் 'சேலம்' என்று இருக்கலாம். மாவட்டப் பெயரை மட்டும் வைத்துப் பட்டியல் எடுத்தால் பக்கத்து மாவட்டத்து ஆட்களையும் சேர்த்துக் கல்லில் வெட்டிவிடுவோம்.

2. எந்தப் போர்? இரண்டாம் உலகப்போரில் ஒரே தெருவிலிருந்து ஒருவர் ஆங்கில அரசின் இந்தியப் படையில் இருந்திருப்பார், இன்னொருவர் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்திருப்பார். பர்மா எல்லையில் இருவரும் எதிரெதிர்ப் பக்கம். முதலாமவரின் பெயர் காமன்வெல்த் ஆணையத்தின் பட்டியலில் இருக்கும். இரண்டாமவர் நம் அரசின் கணக்கில் விடுதலைப் போராட்ட வீரர். டெல்லி தேசிய நினைவகம் விடுதலைக்குப் பிந்தையவர்களை மட்டுமே சேர்த்து இந்தக் கேள்வியைத் தவிர்த்துக்கொண்டது. ஊர்க்கல்லில் அப்படித் தவிர்த்தால் தாத்தாக்கள் எல்லோரும் போய்விடுவார்கள். 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படை இன்னொரு முள். டெல்லிச் சுவரில் அவர்களுக்குப் பெயர் உண்டு. தமிழ்நாட்டில் அந்தப் பெயரை மேடையில் வாசிக்கும்போது கூட்டம் ஒரே மாதிரி கைதட்டாது. சிப்பாய் போன இடத்தை அவர் தேர்ந்தெடுக்கவில்லை என்பதால், பெயரை விடக்கூடாது என்பது என் கருத்து.

3. எந்தப் படை? ராணுவம், கடற்படை, விமானப்படை மூன்றும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ். சி.ஆர்.பி.எஃப்., எல்லைப் பாதுகாப்புப் படை போன்றவை உள்துறையின் கீழ். 2019 பிப்ரவரி 14 புல்வாமா தாக்குதலில் இறந்த 40 பேரும் சி.ஆர்.பி.எஃப். வீரர்கள், அவர்களில் இருவர் தமிழர்கள். 'ராணுவ வீரர் நினைவுச்சின்னம்' என்று பெயர் வைத்தால் எழுத்துப்படி அவர்கள் வெளியே. 'படைவீரர்' என்ற ஒரு சொல் இந்தச் சங்கடத்தைத் தீர்த்துவிடும்.

4. எந்தச் சாவு? ராணுவம் மரணங்களை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று போர்ச் சேதம், இன்னொன்று விபத்து, நோய் முதலியவை. குண்டு பட்டவர் மட்டும்தான் முதல் வகை என்பதில்லை. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனிச்சரிவு விழுந்து மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆம் பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் இறந்தார்கள். அங்கே எதிரி பனிதான். மாறாக, முகாமில் வண்டி கவிழ்ந்து இறந்தவரின் அம்மா வந்து "என் மகன் பெயர் எங்கே?" என்று கேட்டால், விழாக் குழுவிடம் இருக்க வேண்டியது முன்கூட்டியே எழுதிவைத்த ஒரு விதி. அந்த இடத்தில் நின்று யோசிக்கக்கூடாது.

5. எழுத்து. ராணுவப் பதிவுகள் ஆங்கிலத்தில். முதலெழுத்து சிலருக்கு முன்னால், சிலருக்குப் பின்னால், சிலருக்கு அப்பா பெயரே முழுசாக. பழனிச்சாமியா, பழனிசாமியா, பழனியப்பனா என்பதை வீட்டுக்குப் போய்க் கேட்டுத்தான் எழுத வேண்டும். கல்லில் வெட்டிய பிறகு திருத்த முடியாது.

சரிபார்க்க இடங்கள் உண்டு. ஆட்சியர் அலுவலகத்தோடு இயங்கும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் முதல் படி. மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆட்களுக்கு நீலகிரி வெலிங்டனில் ஆவண அலுவலகம் இருக்கிறது. உலகப்போர்க் காலத்தவர்களுக்குக் காமன்வெல்த் ஆணையத்தின் இணையப் பட்டியல். இரண்டாம் உலகப்போர் பதிவுகள் பலவற்றில் 'இன்னாரின் மகன், இன்ன ஊர், சேலம்' என்று அப்பா பெயரோடு இருக்கும். ஆங்கில எழுத்துக் கூட்டலில் நம் ஊர்ப் பெயர் அடையாளம் தெரியாமல் போயிருக்கும் என்பதால் பொறுமையாகத் தேட வேண்டும்.

முகம் வேண்டுமா?

ஒருவரின் முகத்தை வைத்துச் சிலை செய்தால் மற்ற குடும்பங்களுக்கு அது அவர் சிலை. கொஞ்ச நாளில் அவர் எந்தத் தெரு, எந்தச் சாதி என்பதும் பீடத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கூண்டு வரும். 1972 ஜனவரி 26-ல் இந்தியா கேட் அடியில் அமர் ஜவான் ஜோதி அமைத்தபோது முகமே வைக்கவில்லை. தலைகீழாகக் குத்தி நிறுத்திய துப்பாக்கி, அதன் மேல் ஹெல்மெட், அவ்வளவுதான். செலவும் குறைவு, யாரும் உரிமை கொண்டாடவும் முடியாது.

ஆள் உருவம்தான் வேண்டும் என்றால் சிற்பிக்குப் பழைய சினிமா போஸ்டரைக் காட்டாமல் உண்மையான சீருடையைக் காட்ட வேண்டும். லான்ஸ் நாயக்குக்குக் கையில் ஒரு பட்டை, நாயக்குக்கு இரண்டு, ஹவில்தாருக்கு மூன்று. பதக்கம் இடது மார்பில். இதில் ஒன்று தவறினாலும் திறப்பு விழாவுக்கு வரும் முன்னாள் படைவீரர்களின் கண் நேராக அங்கேதான் போகும்.

விழாவில் சறுக்கும் இரண்டு இடங்கள்

1. சிலையைத் தேசியக்கொடியால் மூடி, அதை விலக்கித் திறக்கும் ஆசை. 1971-ஆம் ஆண்டு தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தின்படி சிலையை மூடக் கொடியைப் பயன்படுத்துவது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறைகூட உண்டு. கொடி தனியாகக் கம்பத்தில் பறக்கட்டும், சிலைக்கு வேறு துணி.

2. பீடத்தில் சிங்கமுகச் சின்னம். அரசுச் சின்னத்தைத் தனியார் விருப்பம்போல் பயன்படுத்துவதை 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

கல்லும் பெயிண்டும்

நாலு வழி உண்டு: வெண்கலம், கல், சிமென்ட், ஃபைபர். வெண்கலம் விலை அதிகம், நீண்ட நாள் நிற்கும். சிமென்ட் சிலைக்குள் இருக்கும் கம்பியில் ஈரம் இறங்கித் துரு பிடித்தால் கம்பி உப்பி, மேலே விரிசல் விடும். முதலில் போவது விரல்களும் துப்பாக்கி முனையும். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் இது இன்னும் சீக்கிரம். ஃபைபர் இலேசானது, ஆனால் சேலத்து வெயிலில் வெளுத்துவிடும்.

கல்லுக்கு ஒரு சுவையான தொடர்பு இருக்கிறது. சேர்வராயன் மலை முழுக்க சார்னோகைட் என்ற கரும்பாறை. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்குக்குக் கொல்கத்தாவில் இருக்கும் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை என்பதால், 1893-ல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். அந்தக் கல் போனது சென்னைப் பக்கமிருந்து. நாம் ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளில் பார்த்துக்கொண்டே போகும் பாறைக்கு ஒரு நினைவுக்கல்லின் பெயர்தான் இருக்கிறது.

எழுத்தை ஆழமாக உளியால் வெட்டச் சொல்ல வேண்டும். மேலோட்டமாகக் கீறி வெள்ளை பெயிண்ட் அடித்த பெயர் சில மழைக்காலம்தான் தாங்கும். அப்புறம் பராமரிப்பு என்ற பெயரில் நடக்கும் சேதம்: ஒவ்வொரு ஜனவரி 26-க்கும் ஆகஸ்ட் 15-க்கும் முதல் நாள் மாலை யாராவது ஒரு டப்பா எனாமலோடு வந்து பலகையோடு சேர்த்து அடித்துவிட்டுப் போவார்கள். பத்து ஆண்டில் இருபது பூச்சு. பெயர்கள் குழி நிரம்பி, விரலால் தடவினால்கூட 'மு'வா 'ழு'வா என்று தெரியாது. ஆகவே இடத்தை உள்ளாட்சிக்கு ஒப்படைக்கும் பத்திரத்திலேயே மூன்று விஷயம் இருக்க வேண்டும்: துடைப்பது யார், பெயிண்ட் அடிக்கக்கூடாத பகுதி எது, சாலை விரிவாக்கம் வந்தால் கல் எங்கே போகும்.

இன்னொன்றையும் சிற்பியிடம் சொல்லியாக வேண்டும். கடைசிப் பெயருக்குக் கீழே ஒன்றரை அடி வெற்றிடம். "எதற்கு?" என்று அவர் கேட்பார். விழாக் குழுவில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒரு பையன் இப்போதும் எல்லையில் இருப்பான். பதில் சொல்ல யாருக்கும் வாய் வராது. அளவை மட்டும் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம்.